மேளத்துக்கு ரசீது ஏது?

வியாசர்பாடியில் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஐந்து வருடமாகப் பறை, கானா, வீதி நாடகம் என்று நடத்திக்கொண்டிருக்கிறோம், அரசிடம் நிதி உதவி கேட்டால் கிடைக்குமா, ஆள் தெரியாமல் விண்ணப்பித்துப் பயன் உண்டா, வாங்கிவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டி வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும் பணத்தில் பயிற்சிக்கு ஓர் இடம் வாடகைக்கு எடுக்கலாம் என்ற யோசனையையும் சேர்த்திருக்கிறீர்கள். திட்டங்களின் பட்டியல் உங்களுக்குத் தேவையில்லை என்று நினைக்கிறேன். அது துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் வருடா வருடம் அச்சாகிறது, இணையத்தில் யாரும் படிக்கலாம். 'எங்களை மாதிரி ஆட்களுக்கும் அது உண்டா?' என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது. உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கிற வடிவத்தில் வராது.

நான் கலைஞன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பி.காம். படித்துவிட்டுத் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன், வீடு தண்டையார்பேட்டை. கூட்டாளி ஒருவன் நாடகக் குழு வைத்திருந்ததால் அதன் கணக்கைப் பார்க்கப் போனேன். அது ஒன்று மூன்றானது: ஒரு நாடகக் குழு, ஒரு பறைக் குழு, ஒரு சிலம்பக் கூடம். இருபது வருடத்துக்கு மேலாகிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் காகிதப் பக்கம்தான். தேர்வுக் குழுவில் நான் உட்கார்ந்ததில்லை, அங்கே உள்ளே என்ன பேசுகிறார்கள் என்பதைப் பற்றி நான் சொல்வது ஊகம்தான். அந்த இடம் வரும்போது ஊகம் என்றே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் கலைக்கான அரசுப் பணம் முக்கியமாக இரண்டு வாசல் வழியாக வருகிறது, பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறார்கள். ஒன்று கலை பண்பாட்டுத் துறை, எழும்பூர் ஆல்ஸ் சாலையில் தமிழ் வளர்ச்சி வளாகத்தில் இருக்கிறது. இசைப் பள்ளிகள், சிறுவர்களுக்கான ஜவகர் சிறுவர் மன்றங்கள், மாவட்டக் கலை விருதுகள், பொங்கல் நேரத்துச் சென்னை சங்கமம் கலை விழா எல்லாம் இவர்கள் கையில். 2007-ல் உருவான நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தையும் இந்தப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று இயல் இசை நாடக மன்றம். 1955-ல் சங்கீத நாடகச் சங்கம் என்று தொடங்கி, 1973-ல் இப்போதைய பெயருக்கு வந்தது. அரசுப் பணத்தில் நடந்தாலும் தனக்கென்று தலைவர், உறுப்பினர் உள்ள அமைப்பு. ஊரில் கேட்டால் 'கலைமாமணி கொடுப்பாங்களே, அதுதானே' என்பார்கள். (2011 முதல் 2018 வரை எட்டு வருடத்துக் கலைமாமணியை 201 பேருக்கு மொத்தமாக 2019-ல் கொடுத்தார்கள். கல்யாணப் பந்தியில் முதல் பந்திக்காரர் எட்டு வருடம் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதிரி.) ஆனால் உங்களுக்கு வேண்டியது அந்த மன்றத்தின் மற்ற வேலைகள்: நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய், புதிய நாடகம் தயாரிக்க உதவி, கலை நிறுவனங்களுக்கு உதவி, அரிய கலை நூல்களைப் பதிப்பிக்க உதவி.

இந்த இரண்டு வாசலிலிருந்தும் வரும் பணத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். பெரும்பாலும் அது ஒரு ஆளுக்கு வரும், அல்லது ஒரு நிகழ்ச்சிக்கு வரும். உதவித்தொகை, விருது, வாத்தியம் வாங்கப் பணம் எல்லாம் ஆளுக்கு. நாடகம், கச்சேரி, புத்தகம் எல்லாம் நிகழ்ச்சிக்கு. உங்களைப் போன்ற சின்னக் குழுவுக்கு மாதா மாதம் வேண்டியிருக்கும் வாடகை, கரண்ட் பில், வாரம் மூன்று நாள் வேலையை விட்டுவிட்டு வந்து சொல்லிக்கொடுப்பவருக்குச் சம்பளம், இதற்கு நேரடியாக வழி இல்லை. மைசூரில் 1989 முதல் ரங்காயண என்று கர்நாடக அரசின் நாடகக் குழு இருக்கிறது, நடிகர்கள் சம்பளத்துக்கு இருந்து நாடகம் போடுகிறார்கள். நம்மூர் மானியத்தின் வழி அது இல்லை. ஆகவே மானியத்தில் வாடகை கட்டலாம் என்ற கணக்கை முதலில் அழித்துவிடுங்கள். இடத்துக்கு வேறு வழி இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் குழுவுக்கு ஒன்றும் கேட்க மாட்டேன், முதலில் ஆட்களைப் பதிவு செய்வேன். உங்கள் பன்னிரண்டு பேரில் தகுதியுள்ள எல்லாரையும் நல வாரியத்தில் உறுப்பினராக்குங்கள். பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், மூக்குக் கண்ணாடி, விபத்து, இறப்பு என்று சின்னச் சின்ன உதவிகள் அதில் உண்டு. தொகை பெரிதில்லை, ஆனால் அந்த அட்டைதான் 'இவர் கலைஞர்' என்று அரசு கொடுத்த முதல் காகிதம். பிறகு போகிற இடத்திலெல்லாம் அதைக் காட்டலாம்.

காகிதம் என்று நான் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறேன் என்று கேட்டால் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். புளியந்தோப்புக்காரர், நாற்பது வருடம் மேளம் அடித்தவர். கையில் வலி வந்து நிறுத்திவிட்டார். மாத உதவிக்கு விண்ணப்பம் எழுதலாம் என்று உட்கார்ந்தோம். இத்தனை வருடம் கலைத் தொழிலில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்றதும் அவர் சிரித்துவிட்டார். 'சாவு மேளத்துக்கு எவன்பா ரசீது குடுத்தான்?' உண்மைதானே. கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் பேரன் பேத்தி பெயர் இருக்கும், ஆட்டோ சங்கம் பெயர் இருக்கும், ரசிகர் மன்றம் இருக்கும். அடித்தவர் பெயர் இருக்காது. அன்றைக்குக் கூலியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், அதோடு சரி.

அவர் வீட்டில் இரண்டு மணி நேரம் தேடினோம். டிரங்குப் பெட்டியில் ஒன்றும் இல்லை. கடைசியில் அவருடைய சம்சாரம் சமையல் அலமாரியிலிருந்து டப்பாக்களை எடுத்துக் கீழே வைத்தார். தட்டில் விரித்திருந்தது எல்லாம் ஆடி மாதக் கூழ் வார்க்கும் நோட்டீஸ். ரோஸ் நிறக் காகிதம், மேலே அம்மன் படம், கீழே உபயதாரர் பெயர்கள், அதற்கும் கீழே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் 'மேளம்: இன்னார் குழுவினர்' என்று ஒரு வரி. 1994-லிருந்து 2012 வரை பதினொரு நோட்டீஸ், எண்ணெய்க் கறையோடு. ஜெராக்ஸ் எடுத்தால் ரோஸ் காகிதம் கறுப்பாக விழுந்தது, கடைக்காரர் மெஷினில் வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டி நாலாவது தடவையில்தான் பெயர் தெரிந்தது. அந்தப் பதினொரு காகிதத்தோடு விண்ணப்பம் போனது. பணம் வர ஒன்றரை வருடம் ஆனது, ஆனால் வந்தது. மாதம் 3,000 ரூபாயில் புளியந்தோப்பில் ஒரு அறைக்கு வாடகை கூடக் கொடுக்க முடியாது, அது வேறு கதை. யார் சிபாரிசும் இல்லாமல் வந்தது என்பதைத்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்காகச் சொல்கிறேன்.

வாத்தியமும் உடையும் வாங்கக் கலைஞருக்குத் தலா 10,000 ரூபாய் கொடுக்கும் திட்டமும் ஆள் கணக்கில்தான். பறை, சலங்கை, மேடைத் துணி வாங்க உதவும், ஸ்பீக்கர் செட்டுக்கு அதை நம்ப முடியாது. எங்கள் பறைக் குழுவில் தோல் பறை வாங்குவதா, பிளாஸ்டிக் தோல் போட்டதா என்று பெரிய சண்டையே நடந்தது. மாட்டுத் தோல் மார்கழிப் பனியிலும் மழையிலும் தொய்ந்துபோகும், மேடைக்குப் பின்னால் காகிதத்தைக் கொளுத்திக் காய்ச்சித்தான் அடிக்க வேண்டும். மண்டபத்துக்காரர்கள் நெருப்பைப் பார்த்தாலே ஓடிவருவார்கள். பிளாஸ்டிக்கில் அந்தத் தொல்லை இல்லை, அந்த ஓசையும் இல்லை. பெரியவர்கள் தோலையும் பையன்கள் பிளாஸ்டிக்கையும் வாங்கினார்கள்.

விண்ணப்பத்தில் கலைப் பிரிவு என்று ஓர் இடம் வரும். கானா பாடுபவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். எங்களோடு இருந்த பாடகருக்கு 'நாட்டுப்புறப் பாடல் (கானா)' என்று எழுதினோம், யாரும் கேள்வி கேட்கவில்லை. வெறும் கானா என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது ஊகம்தான். 2018 தொடக்கத்தில் கீழ்ப்பாக்கத்தில் கானா பாடும் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடை ஏறிய பிறகு கானாவைக் கேட்கிற காதுகள் கூடியிருக்கின்றன. ஆனால் காதுக்கு எட்டியது படிவத்துக்கு எட்ட நாளாகும்.

அடுத்தது சங்கம். குழுவாக நிதி கேட்க வேண்டுமானால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவு செய்துகொள்ளுங்கள், ஏழு பேர் போதும். துணைவிதி, சங்கப் பெயரில் பேன் கார்டு, இரண்டு பேர் கையெழுத்துப் போடும் வங்கிக் கணக்கு. பதிவு செய்வது சுலபம், அதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். வருடா வருடம் பொதுக்குழு கூட்டி, கணக்குத் தணிக்கை செய்து, பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நான் பார்த்த குழுக்களில் பாதி, பதிவு செய்த உற்சாகத்தில் ஒரு வருடம் கொடுத்துவிட்டு நாலு வருடம் மறந்துவிடுகின்றன. மானிய அறிவிப்பு வந்ததும் பழைய வருடங்களுக்கெல்லாம் சேர்த்துக் கணக்கு எழுத என்னிடம் ஓடிவருவார்கள். நாலு வருடத்துக்கு முன்னால் டீக்கு எவ்வளவு செலவானது என்று எனக்கு எப்படித் தெரியும்?

பணம் வந்த பிறகும் இதே கதைதான். எங்கள் நாடகக் குழுவுக்கு ஒரு அரசு அமைப்பிலிருந்து புதிய நாடகத்துக்கு உதவி கிடைத்தது, இரண்டு தவணை. கிடைத்துவிடும் என்று வாய்வழியாகத் தெரிந்ததுமே உடையைத் தைக்கக் கொடுத்துவிட்டோம். தையற்காரர் பில்லில் இருந்த தேதி ஆணை வந்த தேதிக்குப் பன்னிரண்டு நாள் முந்தியது, செலவுக் கணக்கில் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஒத்திகைச் சாப்பாட்டுக்குக் காசிமேட்டுப் பிரியாணிக் கடையில் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு, அதில் '14' என்று மட்டும் எழுதியிருந்தது. பதினாலு பிரியாணியா, பதினாலாம் தேதியா என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. ஷேர் ஆட்டோவுக்குப் பில்லே கிடையாது. இரண்டாம் தவணை பதினொரு மாதம் தள்ளிப்போனதற்கு எங்களைத் தவிர யாரையும் குறை சொல்ல முடியாது. அதற்கப்புறம்தான் வவுச்சர் புத்தகம் ஒன்று போட்டேன். பில் இல்லாத செலவுக்கு உடனே வவுச்சர், வாங்கியவர் கையெழுத்து, ஐயாயிரம் ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு. செலவைத் தொடங்குவது ஆணை கைக்கு வந்த பிறகு. கையிலிருந்து போட்டுவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அரசுப் பணம் வரும், ஆனால் மெதுவாக வரும். வட்டிக்கு வாங்கி நாடகம் போட்டால் வருகிற மானியம் வட்டிக்கே போய்விடும்.

நிகழ்ச்சி வாய்ப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2007-ல் தொடங்கிய சென்னை சங்கமம் 2011-க்குப் பிறகு நின்றது, 2023 பொங்கலுக்குக் கலை பண்பாட்டுத் துறை வழியாகத் திரும்ப வந்தது, ஊரில் பல இடங்களில் மேடை. ஒரு ஆட்சி தொடங்கியதை இன்னொரு ஆட்சி விட்டுவிடலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம், அதை நம்பிக் குழுவின் வருடாந்திரக் கணக்கைப் போடாதீர்கள். ஐந்து நிமிட வீடியோ ஒன்றை எப்போதும் தயாராக வைத்திருங்கள். கேமராவை அசைக்காமல் ஒரே இடத்தில் வைத்து, முழுக் குழுவும் காலிலிருந்து தலைவரை தெரிகிற மாதிரி. சினிமாப் பாட்டு போட்டு வெட்டி ஒட்டின ரீல்ஸ் வேண்டாம். அரசுத் துறைகள் விழிப்புணர்வுப் பிரச்சாரத்துக்குக் குழுக்களை அழைப்பதும் உண்டு. 2021-ல் இல்லம் தேடிக் கல்விக்காக எத்தனையோ கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போயின. ஆனால் அது மானியம் இல்லை, கூலி. செய்தி அவர்களுடையது, குரல் உங்களுடையது. அப்படித் தெரிந்தே போனால் வருத்தம் இருக்காது.

ஆள் தெரிய வேண்டுமா என்றால், எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். வாரிய அட்டை, வாத்தியப் பணம், மாத உதவி போன்றவற்றை யாரையும் தெரியாதவர்கள் வாங்கியதை நான் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன், காகிதம் சரியாக இருந்தது. விருது, தயாரிப்பு உதவி போன்று ஒருவரைவிட இன்னொருவர் மேல் என்று தீர்மானிக்க வேண்டிய இடங்களில் தெரிந்த பெயருக்கு எடை கூடும் என்பது என் ஊகம். கலைத் துறையில் யாரும் யாருக்கும் முழு அந்நியர் இல்லையே. சந்தேகம் இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, முந்தைய மூன்று வருடத்துப் பயனாளிகளின் எண்ணிக்கையைக் கலைப் பிரிவு வாரியாக, மாவட்ட வாரியாகக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். சண்டைக்குப் போகிற தொனியில் எழுத வேண்டாம், எந்தப் பிரிவில் ஆள் குறைவு என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கே உதவும். வடசென்னைக்குக் குறைவாக வருகிறது என்ற பேச்சு எப்போதும் உண்டு. எனக்குத் தெரிந்த குழுக்களை வைத்துச் சொன்னால், நிராகரிக்கப்பட்டதைவிட விண்ணப்பிக்காமலே விட்டதுதான் அதிகம்.

வாயை மூடுவது பற்றி. நாடகம் போடுவதற்கு முன் கதையைப் போலீசிடம் கொடுத்து அனுமதி வாங்க வைத்த 1954-ஆம் வருட நாடகச் சட்டத்தின் அந்தப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் ரத்து செய்துவிட்டது. எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கு. ஆகவே கதைக்காக யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தெருவுக்கும் மைக்குக்கும் அனுமதி வாங்கத்தான் வேண்டும், இரவு பத்துக்கு மேல் மைக் கூடாது. மானியத்துக்குக் கதையை எழுதிக் கொடுக்கிறீர்கள் என்றால் அதை ஒருவர் படிப்பார், பிடிக்கவில்லையென்றால் தர மாட்டார். அது சட்டம் இல்லை, ருசி.

ஆனால் நான் பார்த்த பயம் வெளியிலிருந்து வந்ததில்லை. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, மீனவர்களின் படகும் வலையும் கறுப்பாய்க் கிடந்த நேரம். எங்கள் குழு அதை வைத்துப் பதினைந்து நிமிடத் தெரு நாடகம் ஒன்று போட நினைத்தது. அப்போது மானிய விண்ணப்பம் ஒன்று நிலுவையில் இருந்தது. ஒருவரும் எங்களை ஒன்றும் சொல்லவில்லை, நாங்களே இரண்டு ராத்திரி உட்கார்ந்து 'இப்போ வேணுமா' என்று பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் போட்டோம், உண்டியல் குலுக்கிய பணத்தில். விண்ணப்பம் பிறகு திரும்பி வந்தது. ஆகா, நாடகத்தால்தான் என்று கொதித்தவர்கள் காரணத்தைப் படித்ததும் அடங்கிவிட்டார்கள். சங்கப் பதிவில் இருந்த பெயருக்கும் பேன் கார்டில் இருந்த பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம். அந்த இரண்டு ராத்திரிக்கப்புறம் ஒரு வரம்பு வைத்தோம்: வருட வரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அரசுப் பணம் இருக்கக் கூடாது. இதற்குச் சாஸ்திரம் எதுவும் இல்லை, அதற்கு மேல் போனால் எங்களுக்குத் தூக்கம் வராது என்பதுதான்.

இடத்துக்கு வருகிறேன். கலைத் துறையின் பணத்தில் வியாசர்பாடியில் பயிற்சிக் கூடம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். கட்டடத்துக்கான பணம் வேறு பாதையில் ஓடுகிறது. 2023 பட்ஜெட்டில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 1,000 கோடி என்று அறிவித்து, பிறகு அதை இன்னும் பெரிதாக்கினார்கள், சமுதாயக் கூடங்கள் எல்லாம் அந்த வழியில்தான் வருகின்றன. உங்கள் வார்டில் மாநகராட்சிக் கூடம் ஒன்று அநேகமாக இருக்கும். முகூர்த்த நாள் தவிர மற்ற நாட்களில் அதில் யார் இருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள், பூட்டுத்தான் தொங்கும். கிராம சபை மாதிரி, 2022 முதல் நகரங்களிலும் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபா நடக்கிறது. அதில் எழுந்து, செவ்வாயும் வியாழனும் மாலை ஆறிலிருந்து எட்டு வரை பயிற்சிக்கு வேண்டும், பதிலுக்குப் பகுதிப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பறை கற்றுத் தருகிறோம் என்று எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் சிலம்பக் கூடம் இப்படித்தான் ஒரு இடத்தில் ஏழு வருடமாக நடக்கிறது. வாடகை என்று கணக்குப் போட்டால் எந்த மானியத்தையும் விட அது பெரிய தொகை.

தொகைகளும் வயது வரம்பும் அரசாணைக்கு அரசாணை மாறும், நான் சொன்ன எண்களை விண்ணப்பிக்கும் முன் ஒருமுறை எழும்பூரில் நேரில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோ பிடித்து சென்ட்ரலில் மாறினால் எழும்பூர், காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடலாம். அப்புறம், அடுத்த ஆடிக்கு எந்தக் கோயிலுக்கு அடிக்க ஒப்புக்கொண்டாலும் முன்பணம் பேசும்போதே நோட்டீசில் குழுவின் பதிவுப் பெயரை முழுசாகப் போடச் சொல்லுங்கள், பேன் கார்டில் இருக்கிற அதே எழுத்தில். முடிந்தால் வெள்ளைக் காகிதத்தில்.